செவலைக்குக் கட்சி இல்லை

எங்கள் ஊர் ஊசல் கம்பத்தின் முள் அதுவரை ஒரே ஒரு தடவைதான் அசைந்தது. அதுவும் என் கொழுந்தன் மந்திரமூர்த்தியின் செவலை மாடு அதில் முதுகைச் சொறிந்தபோது. மறுநாள் காலையில் ஓட்டுநர் இல்லாத அரசு வண்டி ஒன்று தானாக வந்து, ஒரு தையல் மிஷினை இறக்கி வைத்துவிட்டுப் போனது. யாருக்கு, எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. பஞ்சாயத்துத் தலைவி என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். வருகிறதை வேண்டாம் என்று சொல்கிற நிலைமையிலா நாங்கள் இருந்தோம்?

ஊசல் கம்பம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்படி யாராவது இருந்தால் அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ரேஷன் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புத் தூண். அதன் தலையில் கடிகாரம் போல ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒற்றை முள். அரிசி வாங்கப் போகிறவர் முதலில் கம்பத்தில் உள்ளங்கையை வைக்க வேண்டும். அது பெண் குரலில், மாப்பிள்ளை வீட்டாரை விசாரிக்கிற மரியாதையோடு, "இன்று தேர்தல் நடந்தால் உங்கள் வாக்கு யாருக்கு?" என்று கேட்கும். சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம் என்று கம்பத்தின் அடியில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது. பொடி எழுத்தைப் படிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

ஊர் மனசு எவ்வளவு ஊசலாடுகிறதோ அவ்வளவு தூரம் முள் வலப்பக்கம் போகும். முள் போகப் போக ஊருக்கு அரசு உதவி வரும். முள் பூஜ்யத்தில் நின்றால் ரேஷன் அரிசியோடு சரி, வேறு ஒன்றும் கிடையாது.

எங்கள் நெடுமரத்தான்பட்டியில் கம்பம் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். "உலக்கை." கேள்வியே கேட்காதபோதும் கம்பத்தைக் கடந்து போகிறவர்கள் ஒரு பழக்கத்தில் "உலக்கை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் பெரிய வறட்சி வந்து, உலக்கைக் கட்சிக்காரர் ஒருவர் ஊருக்கு ஒரு போர் போட்டுக் கொடுத்தாராம். அன்றைக்கு ஊரே கூடி, அம்மன் கோவில் முன்னால் கற்பூரம் ஏற்றி, இனி என்றைக்கும் உலக்கைக்கே என்று சத்தியம் செய்தது. கற்பூரத்தை ஏற்றியவர் கோட்டைச்சாமி பெரியப்பா. அப்போது அவர் இளவட்டம். இப்போது ஊர்ப் பெரியவர். போரில் தண்ணீர் வந்தது இரண்டே கோடைதான். சத்தியம் மட்டும் இன்றுவரை ஊறிக்கொண்டே இருக்கிறது. தேர்தல் அன்றைக்கு ஓட்டுச் சாவடிக்கு வெளியே, எல்லைக் கோட்டைத் தாண்டி, வேப்பமரத்தடியில் பெரியப்பா கற்பூரத் தட்டோடு உட்கார்ந்திருப்பார். ஓட்டுப் போட்டு வருகிற ஒவ்வொருவரும் தட்டைத் தொட்டு "உலக்கை" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

இதனால் எங்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? பத்தாம் வகுப்போடு முடிகிற ஒரு பள்ளிக்கூடம். பதினொன்று படிக்க வேண்டுமென்றால் ஈச்சந்தட்டுக்குப் போக வேண்டும். அங்கே போக பஸ் கிடையாது. ஈச்சந்தட்டு மக்கள் வேறு வகை. புருஷன் ஒரு கட்சி, பொண்டாட்டி ஒரு கட்சி, சாயங்காலம் சண்டை போட்டு இரண்டு பேரும் கட்சியை மாற்றிக்கொள்வார்கள். அவர்கள் ஊர் முள் மின்விசிறி மாதிரி ஆடும். அதனால் அவர்களுக்குப் பிளஸ் டூ பள்ளிக்கூடம் வந்தது, ஏசி போட்ட பஸ் நிறுத்தம் வந்தது, பஸ் மட்டும் இன்னும் வரவில்லை. நீச்சல் குளம்கூட வந்தது. தண்ணீர் இல்லாததால் அதில் மிளகாய் வத்தல் காயப்போடுகிறார்கள்.

என் மகள் மாரிச்செல்வி பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியவள். மூன்று வருஷமாகத் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாள். அவளோடு படித்த பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். இப்போது அவளுக்குப் பதினெட்டு. இந்த வருஷமாவது உள்ளூரில் பதினொன்றாம் வகுப்பு வந்தால், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாவது படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வராவிட்டால் மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி என் மாமியார் வீட்டில் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். நான் தலைவி. என் பெயரைப் போட்ட நாற்காலி இருக்கிறது. என் மகளுக்கு ஒரு வகுப்பு வாங்கித் தர முடியவில்லை. எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடு சொறிந்த விவகாரத்துக்குப் பிறகு கம்பத்தைப் பார்க்க ஊசல் துறையிலிருந்து பெனிட்டா என்கிற பெண் வந்தாள். நாகர்கோவில் பக்கம். கம்பத்தின் இடுக்கிலிருந்து செவலையின் முடியைத் திருப்புளியால் நோண்டி எடுத்தபடி என்னிடம் கேட்டாள்.

"அக்கா, போன மாசம் ஒரு நாள் மட்டும் உங்க முள் எழும்பியிருக்கு. அன்னைக்கு ஊருக்குப் புதுசா யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரல. மாடு வந்துச்சு."

அவள் கையிலிருந்த முடியைப் பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு கம்பத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தொட்டது யாருன்னு கம்பத்துக்குத் தெரியல அக்கா. படிப்பு என்னன்னு தேடிப் பார்த்திருக்கு, இல்ல. வருமானம் இல்ல. இதுவரைக்கும் அரசாங்கத்துக்கிட்ட ஒன்னுமே வாங்கல. யாருக்கு ஓட்டுன்னு கேட்டதுக்கு 'ம்மா'ன்னு பதில் சொல்லியிருக்கு. இந்த வட்டாரத்துலயே மனசு மாறக்கூடிய ஒரே வாக்காளர்னு நெனச்சு உடனே உதவி அனுப்பிருச்சு."

"மாட்டுக்கா தையல் மிஷின்?"

"ஏழைப் பொம்பளைன்னு நெனச்சிருக்கும் அக்கா."

எனக்குச் சிரிப்பதா, கம்பத்தை உதைப்பதா என்று தெரியவில்லை. "சரி, இங்க ஊர் பூரா ஏழைப் பொம்பளைங்கதான் இருக்கோம். எங்களுக்கு ஏன் அனுப்பல?"

"உங்களைத்தான் அதுக்குத் தெரியுமே. முன்னாடி கட்சிக்காரங்க குத்துமதிப்பாக் கணக்குப் போட்டாங்க. இப்ப கம்பம் போடுது. ஒரு ஊரோட படிப்பு, வருமானம், வாங்கின உதவி, பழைய ஓட்டு, இதெல்லாம் தெரிஞ்சாப் போதும், அடுத்த ஓட்டு யாருக்குன்னு சொல்லிரும். தெரிஞ்ச ஓட்டுக்கு எதுக்குச் செலவு பண்ணணும்? உலக்கைக்காரங்களுக்கு நீங்க கேக்காமலே போடுற ஆளுங்க. எதிர்க்கட்சி சல்லடைக்காரங்களுக்கு நீங்க எவ்வளவு குடுத்தாலும் போடாத ஆளுங்க. ரெண்டு கட்சியும் ஒன்னாக் கை தூக்கி நிறைவேத்தின ஒரே சட்டம் இதுதான் அக்கா."

"ஈச்சந்தட்டுல மட்டும் எப்படி அந்த ஆட்டம் ஆடுது?"

"அங்க பிளஸ் டூ இருக்கு. பிள்ளைங்க படிச்சுட்டு வந்து வீட்டுல எதிர்த்துப் பேசும். நாலு பேரு நாலு விதமா யோசிச்சா முள் தானா ஆடும்."

"அப்ப எங்க ஊருக்குப் பிளஸ் டூ வந்தா முள் ஆடும்."

"ஆடும்."

"முள் ஆடுனாத்தான் பிளஸ் டூ வரும்."

பெனிட்டா திருப்புளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆமா அக்கா."

"இதை எந்தப் படிச்ச மூதேவி யோசிச்சான்?"

"ஆள் யோசிச்சிருந்தா ஆளைப் பிடிச்சுக் கேக்கலாம். இது தானா கத்துக்கிட்டது," என்றாள். பாவம், அவள் மாதச் சம்பளக்காரி. அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் ஊர்க்கூட்டம் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். உலக்கைக்குப் போடுவதை விடச் சொல்லவில்லை, கொஞ்சம் யோசிக்கிற மாதிரியாவது இருங்கள் என்றேன். ஊரே கோட்டைச்சாமி பெரியப்பா முகத்தைப் பார்த்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஊசலாடணும்னா ஆடிருவோம் ஆத்தா. ஆனா ஒன்னு. ஆடுனா ஊரே சேர்ந்து ஆடணும். ஒருத்தன் ஆடி ஒருத்தன் ஆடாம நின்னா நம்ம கட்டுப்பாட்டுக்கு அசிங்கம். ஏலே மந்திரம், கற்பூரத்தை எடு."

அம்மன் சாட்சியாக, இன்றுமுதல் அனைவரும் ஒன்றுபட்டு ஊசலாடுவோம் என்று நெடுமரத்தான்பட்டி ஏகமனதாகச் சத்தியம் செய்தது. நானும்தான் கற்பூரத்தைத் தொட்டேன். அப்போது எனக்கும் உறைக்கவில்லை. நானும் அதே ஊர்க்காரிதானே.

எப்படி ஊசலாடுவது என்று சொல்லிக்கொடுக்கிற பொறுப்பை மந்திரமூர்த்தி எடுத்துக்கொண்டான். கோவில் கொடைத் திருவிழாவில் நாடகம் போட்ட ஆள். கம்பம் கேட்டதும் பெருமூச்சு விட வேண்டும், வலது கையால் பின்தலையைச் சொறிய வேண்டும், "தெரியலையே தாயி, ஒரே குழப்பமா இருக்கு" என்று இழுக்க வேண்டும். ஊரே பாடமாக்கியது. அரிசி போடுகிற நாளில் வரிசையாக நின்று ஒவ்வொருவராகப் பெருமூச்சு விட்டார்கள், பின்தலையைச் சொறிந்தார்கள், தாயி என்றார்கள். வழுக்கைத் தலைக்காரர்களும் விடவில்லை. கடைசியில் நின்ற பெரியப்பா பெருமூச்சு விட்டு, தலையைச் சொறிந்து, "தெரியலையே தாயி, ஒரே குழப்பமா இருக்கு, உலக்கை" என்று முடித்தார். பழக்கதோஷம்.

முள் ஆடியது. இடப்பக்கம். பூஜ்யத்தைத் தாண்டிப் போய், வட்டத்தின் ஓரத்திலிருந்த திருகாணியில் முட்டிக்கொண்டு நின்றது.

சாயங்காலமே பெனிட்டா போனில் வந்தாள். "அக்கா, என்ன பண்ணித் தொலைச்சீங்க? பூஜ்யத்துக்குக் கீழ ஒரு அளவே அதுல கிடையாது."

"ஊசலாடுனோம்."

"முன்னாடி உங்க ஊர்ல ஓட்டுப் போட வராத ஆளு ஒன்னு ரெண்டு இருந்தாங்க. அவங்க மேல கம்பத்துக்கு லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு. இப்ப அவங்களும் வரிசையில நின்னு குழம்புறாங்க. இவ்வளவு ஒழுங்கான குழப்பத்தை எங்க துறை பார்த்ததே இல்ல. நடிக்கச் சொன்னா எல்லாரும் நடிக்கிற ஊருன்னு குறிச்சு வச்சிருச்சு."

மறுநாள் காலையில் அதே வண்டி வந்து தையல் மிஷினைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனது. அதற்கும் கையெழுத்து நான்தான் போட்டேன்.

அன்றைக்கு மாரிச்செல்வி தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்து, கை கழுவிக்கொண்டே சொன்னாள். "நம்ம ஊர்ல நிசமாவே கட்சி இல்லாத ஆளு ஒன்னுதாம்மா இருக்கு. சித்தப்பா வீட்டுத் தொழுவத்துல."

சொன்னவளைக் கட்டிக்கொண்டேன். செவலைக்குக் கட்சி இல்லை, கற்பூரச் சத்தியம் இல்லை, பெரியப்பா மேல் பயமும் இல்லை. உடம்பு பூராவும் உண்ணி மட்டும்தான் இருந்தது. மந்திரமூர்த்தி அதைக் காலையும் மாலையும் கம்பத்தருகில் கொண்டுவந்து கட்டினான். அது முதுகைத் தேய்த்தது, விலாவைத் தேய்த்தது, கழுத்தைத் தேய்த்தது. ஒவ்வொரு பக்கம் தேய்க்கும்போதும் கம்பம் அதை வேறு வேறு ஆள் என்று நினைத்து, சளைக்காமல் "இன்று தேர்தல் நடந்தால் உங்கள் வாக்கு யாருக்கு?" என்று கேட்டது. செவலை சில சமயம் "ம்மா" என்றது. சில சமயம் சாணி போட்டது. அதைக் கடுமையான அதிருப்தி என்று கம்பம் எடுத்துக்கொண்டதாக பெனிட்டா பிறகு சொன்னாள்.

முள் நகர ஆரம்பித்தது. முதலில் தையல் மிஷின் திரும்பி வந்தது. பிறகு சைக்கிள், மூக்குக் கண்ணாடி, கர்ப்பிணிகளுக்கான சத்து மாவு. சத்து மாவைச் செவலைக்கே வைத்தோம், முறைப்படி அதற்கு வந்ததுதானே. அப்புறம் ஒரு நாள், எழுத்தறிவில்லாத வாக்காளர்கள் திடீரென்று பெருகிவிட்டதால் இந்த ஊருக்கு மேல்நிலை வகுப்புகள் அவசரமாகத் தேவை என்று கம்பமே முடிவெடுத்துவிட்டது. சுவர் அச்சடிக்கிற இயந்திரம் வந்து இறங்கியது. எட்டுக்கால் பூச்சி மாதிரி நின்றுகொண்டு, தோசை மாவு ஊற்றுவதைப் போலச் சிமெண்டை வரி வரியாக ஊற்றியது. சுவர் எழும்பியது. ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. அதையும் தாண்டியது. மாரிச்செல்வி வேலை முடிந்ததும் நேராக அங்கே போய் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

அங்கேதான் எங்கள் ஊர் தன் புத்தியைக் காட்டியது. நன்றி என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்களைப் பிடிக்க முடியாது. செவலைதான் இவ்வளவையும் கொண்டுவந்தது, அதற்கு நாம் என்ன செய்தோம் என்று பெண்கள் கண்கலங்கினார்கள். பெரியப்பா வீட்டுப் பேச்சித்தாய் பெரியம்மா தலைமையில் பத்துப் பேர் போய், செவலையைக் குளிப்பாட்டி, ஒரு உண்ணி விடாமல் பொறுக்கி எடுத்து, உடம்பு முழுக்க வேப்பெண்ணெய் தடவி, கொம்புக்கு மஞ்சள் பூசிக் கொண்டுவந்து கம்பத்தருகில் கட்டினார்கள். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைத்தார்கள்.

செவலைக்கு ஜென்மத்தில் முதல் தடவையாக அரிப்பு நின்றுபோனது. கம்பத்தடியில் சுகமாகப் படுத்து அசை போட்டது. கம்பம் கேட்டுக் கேட்டுப் பார்த்தது. அது காதைக்கூட ஆட்டவில்லை.

முள் மெல்ல இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. சுவர் அச்சடித்துக்கொண்டிருந்த இயந்திரம் பாதி வரியில் நின்று, ஒரு கூவல் கூவி, கால்களை மடக்கிக்கொண்டு ஈச்சந்தட்டுப் பாதையில் போய்விட்டது. அங்கே நீச்சல் குளத்துக்குப் படிக்கட்டு வைக்கப் போகிறதாம்.

"உதவி வாங்கித் திருப்தியான வாக்காளர்னு எழுதிருச்சு அக்கா," என்றாள் பெனிட்டா போனில். "திருப்தியானவங்களுக்கு அதுக்கு மேல குடுக்காது."

"உண்ணியைத் திருப்பி எங்க போய் வாங்குறது பிள்ள?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு சுவர் இருக்கிறது, கூரை இல்லை. சேர்க்கைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அதற்கு நடுவில் தேர்தல் வேறு வருகிறது.

அதற்குப் பிறகு கோட்டைச்சாமி பெரியப்பா தினமும் அந்தக் கூரையில்லாத அறைக்குள் போய் உட்கார ஆரம்பித்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் மாரிச்செல்வியைத் தேடி நான் போனபோது அவளும் அங்கே இருந்தாள். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இந்த ரூம்ல என்ன ஆத்தா சொல்லிக் குடுப்பாக?" என்று அவர் கேட்டார்.

"வேதியியல் தாத்தா."

"அதுல என்ன இருக்கும்?"

"தீக்குச்சி ஏன் எரியுதுன்னு இருக்கும். மூனு வருஷமாக் குச்சிக்கு மருந்து முக்குறேன். உரசுனா எரியும்னு தெரியும். ஏன் எரியுதுன்னு எனக்குத் தெரியாது. ஆபீஸ்ல கேட்டா வேலையப் பாருட்டின்னு சொல்லுதாக."

"கற்பூரம்?" என்றார் பெரியப்பா. "கற்பூரம் சாம்பல் இல்லாம எரியுதே, அது ஏன்னும் இருக்குமா?"

"இருக்கும் தாத்தா. எல்லாம் இருக்கும்."

அவர் தலையை நிமிர்த்திக் கூரை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். அங்கே வானம்தான் இருந்தது. பிறகு துண்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தார்.

தேர்தல் வந்தது. எங்கள் ஊருக்கு ஒரே சாவடி, எங்கள் ஓட்டு மட்டும்தான் அதில். வழக்கம்போல வேப்பமரத்தடியில் பெரியப்பா தட்டோடு உட்கார்ந்தார். வழக்கம்போல முதல் ஓட்டையும் அவர்தான் போட்டார். வெளியே வந்தார், தானே ஏற்றிய கற்பூரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. கற்பூரத்தை ஏற்றியவரிடமே சத்தியம் கேட்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது? அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தட்டைத் தொட்டார்கள். "உலக்கை." "உலக்கை." "உலக்கை."

மாரிச்செல்விக்கு அது முதல் ஓட்டு. விரலில் மையோடு வெளியே வந்தாள். பெரியப்பா தட்டை நீட்டினார்.

"யாருக்கு ஆத்தா?"

"சொல்ல மாட்டேன் தாத்தா."

வரிசை அப்படியே நின்றது. பெற்றவள் வளர்த்த லட்சணம் என்று என்னைத்தானே சொல்வார்கள். "ஏட்டி, என்ன பேச்சு பேசுத," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"கம்பத்துலயே எழுதியிருக்கும்மா. சொல்றதும் சொல்லாததும் அவங்கவங்க இஷ்டமாம். அடியில, பொடி எழுத்துல."

ஊரே பெரியப்பாவைப் பார்த்தது. அவர் கத்துவார் என்று நினைத்தேன். குறைந்தது தட்டையாவது தூக்கி எறிவார் என்று நினைத்தேன். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "எழுதியிருந்தாச் சரிதான்," என்றார். அவ்வளவுதான்.

அடுத்து வந்தவள் பேச்சித்தாய் பெரியம்மா. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேச்சை ஊர் முன்னால் மறுக்காதவள். "நானும் சொல்ல மாட்டேன்," என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பின்னால் தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் மந்திரமூர்த்தி, அவன் மட்டும் பழக்கத்தில் பெருமூச்சு விட்டுப் பின்தலையைச் சொறிந்துவிட்டு, சொல்ல மாட்டேன் என்றான். என் முறை வந்தது. சொல்ல மாட்டேன் என்று சொல்லும்போது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? இத்தனை வருஷம் இந்தச் சுகம் தெரியாமல் போனதே என்றுதான் வருத்தம்.

ஓட்டு எண்ணினார்கள். எங்கள் சாவடியில் விழுந்த அத்தனையும் உலக்கைக்கே. ஒன்றைத் தவிர. ஒரே ஒரு ஓட்டு சல்லடைக்கு விழுந்திருந்தது.

ஊர் விறைத்துப்போனது. அந்த ஒன்று யார் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் என்னைச் சந்தேகப்பட்டார். நான் மாரிச்செல்வியைச் சந்தேகப்பட்டேன். அவள் சித்தப்பாவைச் சந்தேகப்பட்டாள். பேச்சித்தாய் பெரியம்மா, அவள் மேல் சந்தேகம் வந்ததில் பெருமைப்பட்டு, இல்லை என்று சொல்லாமலே நடமாடினாள். சல்லடைக்கு ஒருத்தர் போட்டிருக்கிறாரே, அதில் ஏதோ விஷயம் இருக்கும் போலிருக்கே என்று டீக்கடையில் பேச்சு கிளம்பியது. போர் ரெண்டு கோடைதானே ஓடுச்சு என்று ஒருத்தர் முதல்முறையாகச் சத்தமாகச் சொன்னார். அதற்கு ஒருத்தர் சண்டைக்கு வந்தார். நிஜமான சண்டை, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காதது.

பெனிட்டா போன் செய்தாள். குரலில் மூச்சு வாங்கியது. "அக்கா, முள் வலப்பக்கம் கடைசி வரைக்கும் போயிருச்சு. மாட்டைக் கட்டியிருக்கீங்களா?"

எட்டிப் பார்த்தேன். செவலை தொழுவத்தில் படுத்திருந்தது.

"இல்ல பிள்ள. ஒரே ஒரு ஓட்டுக்கா இந்த ஆட்டம்?"

"ஒரு ஓட்டுன்னாலும் அது யாரோடதுன்னு கம்பத்துக்குத் தெரியல. தெரியாததால ஊர்ல உள்ள ஒவ்வொருத்தர் மேலயும் சந்தேகம். இது நடிப்பு இல்ல, நடந்தது. அந்த ஆளைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் இந்த முள் இறங்காது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்," என்றேன்.

எட்டுக்கால் இயந்திரம் திரும்பி வந்து கூரையைப் போட்டு முடித்தது. சேர்க்கை தொடங்கிய நாளில் மாரிச்செல்வி முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள், பக்கத்தில் அவளைவிட மூன்று வயது சின்னப் பிள்ளை. ஊரே வாசலில் நின்றது. பேச்சித்தாய் பெரியம்மா என் காதில், "ஒருத்தருக்கும் நன்றி சொல்லிராத தாயி, மறுபடியும் நின்னுரும்," என்று எச்சரித்தாள். பெரியப்பா மட்டும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்கச் சொல்ல ஆசிரியருக்குத் தைரியம் வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் தலையை நிமிர்த்தி, புதுக் கூரையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, யாரும் கேட்காமல், எதுவும் சொல்லாமல் அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"பெரியப்பா," என்றேன். "அந்த ஒரு ஓட்டு."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சொல்ல மாட்டேன் ஆத்தா," என்றார். "கற்பூரப் பாடம் என்னைக்கு நடத்துவாகன்னு மட்டும் அந்த வாத்தியார்கிட்டக் கேட்டுச் சொல்லு."